குப்பைத் தொட்டியை நகர்த்தியதில் தீர்ந்த பிரச்சினை

எங்கள் டாக்டரின் கிளினிக்கில் நிர்வாக வேலை என்னுடையது. ஆய்வுக்கு வந்த அதிகாரி சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகக் குப்பைத் தொட்டியைத் திறந்தார். சிவப்புப் பையில் ஊசி கழற்றாத சிரிஞ்சு, அதன்மேல் ரத்தம் படிந்த பஞ்சு. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சும் சலைன் குழாயும் சிவப்புக்கு. ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துக்கு. நர்ஸ் அக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். அப்புறம் எப்படிக் கலக்கிறது? காலை நேரக் கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். மற்ற தொட்டிகளெல்லாம் அடுத்த அறையில். ஊசி போடும் இடத்தில் சிவப்பு மட்டும். கையில் சிரிஞ்சோடு யார் நடப்பார்?

ஊசி வெட்டும் கருவியையும் வெள்ளை டப்பாவையும் ஊசி மேசையிலேயே கைக்கு எட்டும்படி வைத்தேன். மஞ்சள் தொட்டி அதன் அடியில். வெட்டுவது பக்கத்திலேயே என்றானதும், பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கமும் நின்றது. விரலில் குத்திக்கொள்வது பல நேரம் அப்படி மூடும்போதுதானே. டப்பா முக்கால்வாசி நிறைந்தால் மூடி விடுகிறோம்.

மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கழிவு வண்டி வராவிட்டால் உடனே போன் போட்டு நச்சரிப்பது என் பொறுப்பு. ஞாயிறோடு பண்டிகையும் சேர்ந்தால்தான் தலைவலி.