லேபிள் ஒன்று, படிவம் ஒன்று

உலோகத்தை ஊடுருவிப் படமெடுக்கும், கதிரியக்க இரிடியம்-192 உள்ள ரேடியோகிராபி கேமராவை ஏற்ற வந்த டிரைவர், காகிதத்தைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். நியாயம்தான். அனுப்பியவர்கள் தந்த படிவத்தில் கதிர்மூலம் புதிதாக வந்த நாளின் கதிரியக்க அளவே, கியூரி அலகில், இருந்தது. பெட்டியில், வெளியே கதிர்வீச்சு அதிகம் என்று காட்டும் மஞ்சள்-3 லேபிள்.

இந்த இரிடியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், சுமார் 74 நாள். அனுப்பும் தேதிக்குக் கணக்கிட்டு, கதிரியக்க அலகான பெக்கரலில் எழுதினேன். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரில் பெட்டியைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி அளந்தேன்: அதிகபட்சம் மணிக்கு 0.006 மில்லிசீவர்ட். அதை 100-ஆல் பெருக்க, லேபிளை முடிவு செய்யும் போக்குவரத்துக் குறியீடு 0.6. அது ஒன்றைத் தாண்டவில்லை, மேற்பரப்பிலும் மணிக்கு 0.5 மில்லிசீவர்ட்டுக்குள்தான். ஆக, ஒரு படி குறைந்த மஞ்சள்-2 லேபிள்தான் சரி. பழைய லேபிளைச் சுரண்டத்தான் பாடாய்ப்பட்டேன்!

இவ்வகைக் கதிரியக்கப் பொதிக்கான யூஎன் 2916 எண்ணைச் சரிபார்த்து, அவசரகால வழிமுறை சொல்லும் டிரெம் கார்டை டிரைவர் கையிலேயே கொடுத்தேன். வண்டி கிளம்பியது.