"சரிங்க"ன்னு சொன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல: புது சூப்பர்வைசருங்களுக்கு

போன மாசம் வரைக்கும் டெய்லராவோ செக்கிங்லயோ இருந்துட்டு திடீர்னு "நாளைல இருந்து இந்த லைன (வரிசையா மெஷின் போட்டு தைக்கிற குரூப்ப) நீதான் பாத்துக்கணும்"னு சொல்லிட்டாங்களா? அப்ப இது உங்களுக்குத்தான். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பேச்சுத் திறமைன்னா மைக் புடிச்சு அசத்துறதுன்னு நெனச்சுட்டு இருந்தேன், அதெல்லாம் நமக்கு வேண்டாங்க, நாம சொன்னது பீஸ்ல சரியா வருதா, அவ்ளோதான்.

ஸ்டெப் 1: மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி பேசிடுங்க

ஓவர்லாக், பேட்லாக்னு தையல் மெஷினுங்க ஓட ஆரம்பிச்சாச்சுன்னா நீங்க கத்துறதுல பாதிதான் காதுல விழும். காலைல 5 நிமிஷம் போதும். இன்னைக்கு என்ன ஸ்டைல், எத்தன பீஸ், நேத்து எதுல ஆல்ட்டர் (பிரிச்சு திரும்ப தைக்க வேண்டியது) ஜாஸ்தி. நாலாவதா ஒண்ணு சொன்னீங்கன்னா மொதல் மூணும் மறந்துரும்.

ஸ்டெப் 2: திருப்பிச் சொல்ல வைங்க

இதுதான் முக்கியம், நான் அடிபட்டு கத்துக்கிட்டது. புதுசா சூப்பர்வைசர் ஆனப்ப ஒரு டிஷர்ட் ஆர்டர்ல "வாஷ்கேர் லேபிள் லெஃப்ட் சைடு சீம்ல வரணும்"னு சொன்னேன், அதாவது எப்படி துவைக்கணும்னு போட்டிருக்குற துணுக்கு, பக்கவாட்டுத் தையல்ல. எல்லாரும் "சரிங்க"ன்னாங்க, நானும் போயிட்டேன். மத்தியானம் செக்கிங்ல பாத்தா 300 பீஸுக்கு மேல ரைட்ல இருக்கு. நான் சொன்னது போட்டுக்கிறவங்களோட லெஃப்ட், ஓவர்லாக் அக்கா எடுத்துக்கிட்டது டேபிள்ல விரிச்சு வெச்சா அவங்களுக்கு லெஃப்ட்ல தெரியுற பக்கம். தப்பு யாரு மேல? என் மேலதான். சாயங்காலம் வரைக்கும் பிரிச்சு தெச்சோம்.

நம்ம ஊர்ல "சரிங்க" ஒரு மரியாதைங்க, புரிஞ்சாலும் சரிங்க, புரியலைன்னாலும் சரிங்க. இது நமக்கு மட்டும் இருக்குற வியாதி இல்ல. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு ஏர்போர்ட், ஒரே பனிமூட்டம். கேஎல்எம்ங்கிற டச்சு விமானக் கம்பெனியோட பைலட்டுங்க டேக்ஆஃப்க்கு கிளம்புற மாதிரி ஏதோ சொல்ல, டவர்ல இருந்தவரு மொதல்ல "ஓகே"ன்னுட்டு அப்புறம் இருங்க, நான் கூப்புடுறேன்னாரு. அதே நேரத்துல இன்னொரு பிளேன்காரங்களும் பேசினதால பின்னாடி சொன்னது சரியா கேக்கல. ரெண்டு போயிங் 747 ரன்வேல மோதி 583 பேர் செத்துட்டாங்க. வேற காரணங்களும் உண்டு, ஆனா அதுக்கப்புறம் வெறும் "ஓகே" பத்தாது, முக்கியமான உத்தரவ அப்படியே திருப்பிச் சொல்லணும்னு ரூல இறுக்கிட்டாங்க.

அதனால "புரிஞ்சுதா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "அக்கா, லேபிள் எந்தப் பக்கம் வருதுன்னு பீஸ்ல தொட்டுக் காட்டுங்க, நான் ஒழுங்கா சொன்னேனான்னு பாத்துக்குறேன்"னு கேளுங்க. அந்த ரெண்டாவது பாதிய விட்றாதீங்க, 20 வருஷமா மெஷின்ல உக்காந்திருக்குறவங்கள பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டா கோவம் வராம என்ன பண்ணும்.

ஸ்டெப் 3: வாயால சொல்றத விட பீஸ காட்டுங்க

லைன்ல ஒடிசா, பீகார் பசங்க இருப்பாங்க, உங்க இந்தி எப்படின்னு உங்களுக்கே தெரியும். சரியா தெச்ச பீஸ் ஒண்ணு, தப்பா தெச்சது ஒண்ணு, தப்புல சிவப்பு டேப் ஒட்டி டேபிள் பக்கத்துல தொங்க விடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல 3 நிமிஷ வாய்ஸ் போடுறத விட ஒரு போட்டோ மேல்.

ஸ்டெப் 4: திட்டுறதுன்னா தனியா

லைன்ல எல்லாரு முன்னாடியும் திட்டினா அந்த ஆளு அடுத்த தப்ப மறைப்பாரு, தப்பான பீஸ் பண்டலுக்கு (கட்டுக்கு) அடில போயிரும், நீங்க பேக்கிங்லதான் பாப்பீங்க.

ஸ்டெப் 5: மேல இருக்குறவங்களுக்கு சீக்கிரம் சொல்லுங்க

"கொஞ்சம் லேட் ஆகும் சார்"னு சொல்லாதீங்க, கொஞ்சம்னா அவருக்கு அரை மணி நேரம், உங்களுக்கு அரை நாள். "சார், 1200ல 850தான் முடியும், ஒரு பேட்லாக் மெஷின் ரிப்பேர், ராத்திரி 9 மணி வரைக்கும் ஓட்டினா மீதி முடிஞ்சுரும்"னு 2 மணிக்கே சொல்லுங்க. அப்பவும் திட்டுவாருங்க. ஆனா திட்டிட்டு லாரிக்காரருக்கு போன் போட்டு நேரத்த மாத்துவாரு, 6 மணிக்கு சொன்னா லாரி கேட்டுக்கு வந்து நின்னுட்டு இருக்கும்.