தனி வீட்டை விற்று ஃபிளாட்டுக்குப் போகும்போது வரிசை மாறினால் வரும் தவறுகள்

முப்பது நாற்பது ஆண்டு குடியிருந்த தனி வீட்டை விற்றுவிட்டு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு மாறுகிற குடும்பங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, மூன்று மாதத்தில் கிரயம். முதல் இரண்டு மாதம் ஒரு துரும்பும் நகராது. கடைசிப் பத்து நாளில் பரணைக் காலி செய்ய ஆள் வருகிறது. வேண்டியது காயலான் கடைக்கும் வேண்டாதது புது வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலானவர்கள் சரியாகவே முடிவு செய்கிறார்கள். எதை முதலில் செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

வாங்குகிறவர் யாரென்று பார்க்காமல் பெயின்ட் அடிப்பது

சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நிற்கும் பழைய வீட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுகிறார். இடித்துக் கட்டப்போகிறவருக்கு உங்கள் புது பெயின்டும் மாடுலர் கிச்சனும் இடிக்கிற கூலியில்தான் சேரும். அவர் பார்ப்பது சாலை அகலம், முகப்பு அகலம், நான்கு எல்லையும் பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்பது. பத்திரத்தில் 2,400 என்றும் பட்டாவில் 2,310 என்றும் இருந்தால், பேரம் பட்டா அளவிலிருந்துதான் தொடங்கும். பெயின்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சர்வேயருக்குக் கொடுங்கள்.

இடிக்கப்போகிற வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. தேக்கு வாசற்கால், ஜன்னல் கதவுகள், கிரில், மோட்டார், சின்டெக்ஸ் டேங்க் யாருக்கு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பழைய தேக்குக்கு இன்றும் நல்ல விலை கிடைக்கிறது. வாய்ப்பேச்சாக விட்ட இடங்களில், கிரயத்துக்கு முந்தின வாரம் ஒரு கதவுக்காக முகம் சுளித்துக்கொண்டு நிற்பார்கள்.

குடியிருக்க வாங்குகிறவர் வேறு மாதிரி. அவர் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்ப்பார், சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்ப்பார், பாத்ரூமின் பின்பக்கச் சுவரைத் தடவிப் பார்ப்பார். இவருக்காகவும் ஃபால்ஸ் சீலிங் போட வேண்டியதில்லை. ஒழுகும் குழாய்க்கு வாஷர், கிரீச்சிடும் கீலுக்கு எண்ணெய், உடைந்த சுவிட்ச், கிழிந்த கொசுவலை, எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம். இவ்வளவு போதும்.

ஆனால் உப்புப் பூத்த சுவருக்கு மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஈரம் ஏறும். மொட்டை மாடியின் கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையிலிருந்தும், மழைநீர்க் குழாயின் வாயிலிருந்தும் ஈரம் இறங்கும். தண்ணீர் ஆவியாகும்போது சுவரிலுள்ள உப்பைக் கூடவே வெளியே கொண்டுவருகிறது. பெயின்ட் படலம் வழியை அடைத்ததும் உப்பு அதன் பின்னால் படிகமாகி, படலத்தை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. சில வாரங்களில் கொப்புளம். வீடு பார்க்க வருகிறவர் அந்தக் கொப்புளத்தை நகத்தால் குத்துவார். உள்ளே வெள்ளைப் பொடி உதிர்ந்த பிறகு, நீங்கள் சொல்லும் வேறு எதையும் அவர் நம்பமாட்டார்.

ஈரம் எங்கிருந்து என்று தெரிந்துகொள்ள, ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். சுவர் ஈரம் என்றால் முதலில் ஈரம் நுழையும் இடத்தை அடைத்து, பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் பட்டி, பிரைமர், இரண்டு கோட் பெயின்ட். அதற்கு நேரமில்லையா? சுவரை அப்படியே விட்டு, இன்ன இடத்தில் ஈரம் உண்டு என்று சொல்லி விலையில் குறைத்துக்கொள்வது மேல்.

காகிதத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

வீட்டை ஒதுக்குவதில் முதல் நாள் வேலை பீரோ லாக்கரும் பழைய டிரங்குப் பெட்டியும்தான். போகி வருகிறதே என்று பெட்டியோடு எரித்த குடும்பங்கள் உண்டு. பழையன கழியட்டும், படித்துப் பார்த்துவிட்டுக் கழியட்டும்.

கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். மூலப்பத்திரம் தொலைந்தால் காவல் நிலையப் புகார், செய்தித்தாள் விளம்பரம், நகல் பத்திரம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வங்கிக் கடனில் வாங்குகிறவரின் வக்கீல் வழக்கமாக 30 ஆண்டுக்குக் கேட்பார். பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்ற வரிசையை இப்போதே தொடங்குங்கள். சொத்து வரியும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

பலரும் கிழித்துப் போடுவது கட்டட வேலை பில்களை. மாடி எடுத்தது, கூடுதல் அறை கட்டியது, கிணற்றை மூடி போர் போட்டது போன்ற செலவுகளை, 2001 ஏப்ரல் 1-க்குப் பிறகு செய்தவையானால், மூலதன ஆதாய வரி, அதாவது வீடு விற்ற லாபத்துக்கான வரி, கணக்கிடும்போது ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். வெறும் வெள்ளையடிப்பு இதில் சேராது. மஞ்சளாகிப் போன அந்த பில் கட்டுக்கும் கான்ட்ராக்டர் ரசீதுக்கும் வீட்டிலுள்ள எந்தப் பித்தளை அண்டாவையும்விட மதிப்பு அதிகமாக இருக்கலாம். ஆடிட்டரிடம் காட்டும் வரை ஒரு சீட்டும் போகக்கூடாது.

தாத்தா காலத்துப் பங்குச் சான்றிதழும் அப்படித்தான். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே இன்னொருவர் பெயருக்கு விற்க முடியாது, டீமேட், அதாவது மின்னணுக் கணக்கில் உள்ள பங்கு, ஆக்க வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் மத்திய அரசின் நிதியத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் கோரிப் பெறலாம். ஆகவே ‘கம்பெனியே இல்லை’ என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

பரணை ஒரே மூட்டையாக எடைக்குப் போடுவது

பரணிலிருந்து இறங்குவது அண்டா, குண்டான், தவலை, வெண்கலப் பானை, செப்புக் குடம் எல்லாம் கலந்த குவியல். எல்லாம் ஒரே பச்சைக் களிம்பும் கரியுமாக இருக்கும். வியாபாரி ‘பித்தளை விலைக்கு எடுத்துக்கிறேன்’ என்பார். செம்புக்கும் வெண்கலத்துக்கும் வழக்கமாகப் பித்தளையைவிடக் கூடுதல் விலை. புளியும் உப்பும் வைத்து ஓர் ஓரத்தைத் தேயுங்கள். சிவந்தால் செம்பு, எலுமிச்சை மஞ்சள் என்றால் பித்தளை. வெண்கலம் சற்றே பழுப்பேறிய மஞ்சள். கனமாக வார்த்திருக்கும், தட்டினால் மணி போல நீளமாக ஒலிக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

தராசையும் சோதியுங்கள். பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையை முதலில் அதில் வைக்கச் சொன்னால் சண்டையில்லாமல் விஷயம் தெரிந்துவிடும்.

இந்தக் குவியலில் அடிக்கடி ஏமாந்துபோவது ஈயச்சொம்பு. பெயரைக் கேட்டு காரீயம் (லெட்) என்று நினைத்தோ, மங்கலான வெள்ளையைப் பார்த்து அலுமினியம் என்று நினைத்தோ கொடுத்துவிடுகிறார்கள். ரசம் வைக்கிற பழைய சொம்பு வெள்ளீயம் (டின்). அதன் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான், உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் வைக்கக்கூடாது என்று பாட்டிமார் திட்டியது. காரீயம் கலந்த போலிகளும் உண்டு. எங்கே வாங்கியது என்று தெரியாததில் சமைக்க வேண்டாம்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சாமி விக்கிரகம், சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவும் உரிமமும் பார்க்காமல் தெருவில் வருகிறவரிடம் விற்றால் பின்னால் உங்களைத் தேடி வருவார்கள். ஓலைச்சுவடி இருந்தால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திடமோ தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திடமோ கேளுங்கள். பழைய அச்சுப் புத்தகங்கள், பத்திரிகைகளின் சிறப்பு மலர்கள் பற்றித் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். எண்ணெய் தேய்த்து, வெயிலில் காயவைத்து அழகு பார்க்க வேண்டாம், இருக்கிறபடியே காட்டுங்கள்.

சதுர அடியை நம்பிச் சாமான் ஏற்றுவது

விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்று வருவது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப், அதாவது சுவர்களும் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கும் சேர்ந்த அளவு. நடக்கிற தரை 700, 750 இருந்தால் அதிகம். பத்துக்குப் பதினொரு அடி அறையில் என்ன கொள்ளும் என்பது காகிதத்தில் விளங்காது. மொட்டை மாடியில் கோலமாவால் அறையை நிஜ அளவில் போடுங்கள். கதவு திறக்கும் பக்கத்தைக் கால்வட்டமாக வரையுங்கள். ஐந்துக்கு ஆறேகால் அடிக் கட்டிலுக்குப் பதில் செய்தித்தாளைப் பரப்புங்கள். இரும்பு பீரோ மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றே மேல் ஆழம். அதன் கதவு திறக்க இன்னும் ஒன்றரை அடி, அதன் முன்னால் ஆள் நிற்க இடம். இரண்டு பீரோ வைத்ததும் நடக்க வழியில்லை என்று கோலமே சொல்லிவிடும். தாத்தா வாங்கிய பீரோவை விட மாட்டேன் என்று இருந்த அம்மாக்கள், இந்தக் கோலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்த பிறகு தாமாகவே ஒன்றை விட்டுக்கொடுப்பதுண்டு.

வழியையும் அளக்க வேண்டும். பீரோ உயரம் சுமார் ஆறரை அடி. பல லிஃப்ட்களின் கதவுத் திறப்பும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், டிராலியோடு நுழையாது. மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தை டேப் வைத்துப் பாருங்கள். ஊஞ்சல் கொண்டுபோகிறவர்கள் மின்விசிறிக் கொக்கியில் மாட்டலாம் என்று எண்ணவே வேண்டாம்.

பெரியவர் கோயிலுக்குப் போனபோது ஒதுக்குவது

வெளியூரிலிருந்து பத்து நாள் லீவில் வரும் பிள்ளைகள் செய்வது இது. வேகமாக முடியும். ஆனால் ஒரு பழைய டிபன் கேரியர் காணாமல் போனதும், அடுத்த ஆறு மாதத்துக்கு அவர் எதையும் தொடவிடமாட்டார். ஒருநாளைக்கு இரண்டு மணி நேரம், அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். காலாவதி மருந்து, பழைய செருப்பு, ஓட்டை பக்கெட்டில் தொடங்குங்கள். புகைப்படத்தையும் பூஜை அலமாரியையும் கடைசியில் எடுங்கள். அவற்றில் தொடங்கினால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முன்பணம் கொடுக்கப் பலர் தயங்குவார்கள், வீடு பார்க்கிறவர் வரத்து குறையும். அந்த மாதங்களே ஒதுக்குவதற்குத் தோது.

சாவி கொடுக்கும் நாள்

மின் மீட்டர் அளவைத் தேதியோடு ஃபோட்டோ எடுத்து, அதுவரையான பில்லைக் கட்டுங்கள். சொத்து வரி அரையாண்டுக் கணக்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். எதுவரை கட்டியது என்ற ரசீதைக் கொடுங்கள். சமையல் எரிவாயு இணைப்பை ஏஜென்சியில் மாற்றல் எழுதி வாங்கிய பிறகே சிலிண்டர் நகர வேண்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிறவர் 1 சதவீத வரி பிடித்தம் செய்திருப்பார். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் விட்டால் வரிக் கணக்கு எழுதும்போது அலைய நேரிடும். கிளம்பும் முன் பரணில் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கக்கூடும்.