செண்டு கைதவறினால் அபசகுனமா? கல்யாணப் பொக்கேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியில் என் சித்தி மகள் கல்யாணம். திருப்பலி முடிந்து கோயில் படி இறங்கும்போது அவள் கையிலிருந்த பொக்கே நழுவி விழுந்துவிட்டது. "ஐயோ, செண்டு தரையில விழலாமா?" என்று பின்னால் வந்த ஒரு பெரியம்மா கேட்ட ஒரே கேள்வியில், வரவேற்பு முடியும்வரை அவள் முகம் தெளியவே இல்லை. கல்யாணச் செண்டு விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான்: மணப்பெண் காதுபடச் சகுனம் பேசுவது.

1947 நவம்பர் 20-ல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம். அவருடைய வெள்ளை ஆர்க்கிட் செண்டு அன்றே காணாமல் போனது. படம் எடுப்பதற்காகப் பிறகு வேறொன்று கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் 2021-ல் கணவர் பிலிப் இறக்கும்வரை 73 ஆண்டுகள் அவர்கள் தம்பதியாக வாழ்ந்தார்கள். இதை அன்றைக்கே தங்கச்சியிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சகுனம் ஊருக்கு ஊர் மாறும். சிவப்பும் வெள்ளையும் கலந்த பூங்கொத்து ஆகாது, அது ரத்தத்தையும் கட்டுத்துணியையும் நினைவூட்டும் என்பது இங்கிலாந்தின் பழைய நம்பிக்கை. நம் மணமாலையில் ரோஜாவும் மல்லிகையும் சேர்ந்தால்தான் அழகு. ரஷ்யாவில் இரட்டைப்படை எண்ணிக்கையில் பூ கொடுப்பது துக்கவீட்டுக்கு மட்டும். மஞ்சள் ரோஜா பொறாமையைக் குறிக்கும் என்று விக்டோரியா காலப் பூமொழி சொன்னது. மஞ்சள் இல்லாமல் நமக்கு மங்கலம் ஏது? இணையத்தில் படித்த 'அர்த்தத்துக்கு' பயந்து, பிடித்த நிறத்தை விட்டுவிடாதீர்கள்.

கதைகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பிய மணப்பெண்கள் மே மாதத்தில் மட்டும் குளிப்பார்களாம், ஜூனில் வரும் வாடையை மறைக்கத்தான் பூ பிடித்தார்களாம். இது 1999 வாக்கில் மின்னஞ்சல்களில் சுற்றிய கட்டுக்கதை. விக்டோரியா மகாராணி 1840-ல் மிர்ட்டில் என்ற வாசனைச் செடியின் கிளை பிடித்து மணந்தார் என்பதும் குழப்பம்தான். கணவர் ஆல்பர்ட்டின் பாட்டி விக்டோரியாவுக்கு மிர்ட்டில் கொடுத்ததே 1845-ல். விக்டோரியாவின் ஆஸ்போர்ன் மாளிகையில் அது வேர்பிடித்து, 1858-ல் மூத்த மகளின் திருமணத்தில் செண்டில் ஏறியது. இன்றைக்கும் அரச குடும்பத்து மணப்பெண்கள் மிர்ட்டில் வைப்பது அந்த வழியில் வந்த வழக்கம்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது நஞ்சுக்கு. 2011-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டன் பிடித்த லில்லி ஆஃப் தி வேலிப் பூ பார்க்கக் குட்டி மணிகள் மாதிரி இருக்கும். ஆனால் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு அதில் உண்டு. அது நின்ற தண்ணீரைக்கூடக் குடிக்கக் கூடாது. நம் செங்காந்தளும் இப்போது பொக்கேக்களில் வருகிறது. தீக்கொழுந்து போன்ற அந்தப் பூ நம் மாநில மலர்தான். ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைச் செண்டிலிருந்து உருவிக் கேக்கின் மேல் செருகுவதையும், முன்னால் நடக்கும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதையும் பார்த்தால் பதறுகிறது. என்ன பூ என்று பெயர் கேட்டு வாங்குங்கள்.

லில்லி என்றால் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிடச் சொல்லுங்கள். பட்டில் தூள் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். கல்யாண வீட்டு ஃபிரிட்ஜில் வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் பக்கத்தில் செண்டை வைப்பதும் தவறு. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் பூ சீக்கிரம் வாடிவிடும்.

பிடிக்கும்போது நெஞ்சுக்கு நேராக வேண்டாம், தாலியும் மாலையும் மறைந்துவிடும். இடுப்புக்கு நேராகப் பிடித்தால் கையும் வலிக்காது.

தோழிகளுக்கு எறிவதற்குச் சின்னதாக இன்னொரு செண்டு கட்டச் சொல்லுங்கள். கம்பியும் குண்டூசியும் வைத்த பெரிய செண்டு யார் முகத்திலாவது பட்டால் காயம்தான். அந்தப் பெரியதை என்ன செய்வது? 1923-ல் தன் திருமணத்தன்று, இளவரசி எலிசபெத்தின் தாய் எலிசபெத் போஸ்-லயன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் நுழையும்போதே தன் செண்டைப் பெயர் தெரியாப் போர்வீரனின் கல்லறையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பீடத்துக்கு நடந்தார். 1915-ல் போரில் இறந்த அண்ணன் நினைவாக.

எங்கள் தங்கச்சியும், படியில் விழுந்த அந்தச் செண்டை மறுநாள் காலை தாத்தா கல்லறைக்கு எடுத்துப் போனாள். அந்தப் பெரியம்மாவும் கூடப் போய், கசங்கிய இதழ்களை மட்டும் கிள்ளிவிட்டு வைத்தார்.