இலவச மரக்கன்று வாங்கி, தெருவில் நட்டு, வேர்பிடிக்க வைப்பது எப்படி

நகர நிர்வாகம் இலவசமாகத் தருவது கன்றை மட்டும்தான். அது மரமாவதற்கு வேண்டிய இரண்டு மூன்று வருடத் தண்ணீரும் கவனிப்பும் வாங்கிக்கொண்டு போகிறவர் கையில்தான் இருக்கின்றன. தெருவோரக் கன்றுகளில் பட்டுப்போகிறவை பெரும்பாலும் இந்த முதல் சில வருடங்களிலேயே பட்டுப்போகின்றன. காரணங்களும் புதியவை அல்ல: ஆழமாக நடுவது, சுருண்ட வேரைப் பிரிக்காமல் நடுவது, முதல் கோடையில் தண்ணீர் விடாதது. மூன்றையும் தடுத்துவிடலாம்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும். சிலவற்றில் கன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிலவற்றில் ஆள் வந்து நட்டுத் தருவார்கள். நடைபாதையோரம் வைக்க அனுமதி உண்டா, இல்லை வீட்டு வளாகத்துக்குள் மட்டும்தானா? வளர்ந்த பிறகு கிளை வெட்டும் பொறுப்பு யாருடையது? பட்டுப்போனால் மாற்றுக் கன்று கிடைக்குமா, எத்தனை மாதத்துக்குள் சொல்ல வேண்டும்? இவற்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள். குழி தோண்டும் இடத்தில் மின்கம்பி, எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் போகிறதா என்பதையும் உரிய துறைகளிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மின்கம்பியிலோ எரிவாயுக் குழாயிலோ கடப்பாரை பட்டால் ஆபத்து தோண்டுகிறவர் உயிருக்கு.

தெருவாகச் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. ஒரு வீட்டார் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டார் தண்ணீர் விடுவார்கள்.

இடமும் இனமும்

கன்றைப் பார்த்து இடம் தேடாதீர்கள். இடத்தைப் பார்த்துக் கன்றைக் கேளுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போனால் 15, 20 அடிக்கு மேல் வளராத சிறிய மரம்தான் பொருந்தும். உயரமாக வளரும் மரத்தை அங்கே வைத்தால் ஆண்டுதோறும் உச்சியை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் உளுத்து, பிடிப்பில்லாத கிளைகள் கொத்தாகக் கிளம்பும். சுவரிலிருந்து சிறிய மரத்துக்கு 6 அடி, பெரிய மரத்துக்குக் குறைந்தது 15 அடி விடுங்கள். தெருமுனையில் வண்டி ஓட்டுகிறவர் பார்வையை மறைக்காமல் 20, 30 அடி தள்ளி நடுங்கள்.

பிறகு கீழே பாருங்கள். பெரிய மரம் ஒன்று முழுமையாக வளர ஏறக்குறைய 1,000 கன அடி மண் வேண்டும் என்பது தெருமர வேலையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதாவது 18 அடிக்கு 18 அடி, 3 அடி ஆழம். காங்கிரீட்டை வெட்டி எடுத்த 3 அடிச் சதுரக் குழியில் இருப்பது 27 கன அடிதான். அதில் பெரிய மரத்தை வைத்தால் வளர்ச்சி குன்றும், இல்லையென்றால் வேர் நடைபாதையைத் தூக்கும். குறுகலான இடத்துக்குச் சிறிய மரம் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தெரு முழுக்க ஒரே மரமாக வைப்பது பார்க்க அழகு, ஆனால் பெரிய அபாயம். அமெரிக்காவில் ஆஷ் மரத்தைத் துளைக்கும் எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அழிந்தன. ஆஷ் மட்டுமே வைத்திருந்த தெருக்கள் சில வருடங்களில் நிழலற்றுப் போயின. தாவர மரபியல் அறிஞர் ஃபிராங்க் சாண்டமூர் 1990-ல் சொன்ன 10-20-30 விதி இந்த மாதிரி அழிவைத் தடுக்கத்தான்: நகரத்து மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) 20 சதவீதத்துக்கும், ஒரே குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் தொகுப்பு) 30 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. எதிர் வீட்டில் என்ன மரம் நிற்கிறதோ அதைத் தவிர்த்து வேறொன்றைக் கேளுங்கள்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பே மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடியும் நிரப்புங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அங்கே வேர் அழுகும். ஈரத்தைத் தாங்கும் இனத்தைக் கேளுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

கன்றைத் தேர்ந்தெடுப்பது

வரிசையில் நிற்கும்போது கண் உயரமான கன்றைத்தான் தேடும். அதை விடுங்கள். சிறிய பையில் மிக உயரமாக நிற்கும் கன்றின் வேர் பெரும்பாலும் பைக்குள்ளேயே பல சுற்றுச் சுற்றியிருக்கும். தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள்: தண்டும் தாய்மண்ணும், அதாவது பைக்குள் வேரைச் சுற்றியிருக்கும் மண்ணும், சேர்ந்தாற்போல் அசைய வேண்டும். தண்டு மட்டும் மண்ணில் ஆடினால் வேர்ப்பிடிப்பு இல்லை. பைக்கு அடியில் பென்சில் தடிமனில் வேர் வெளியே ஓடியிருந்தால் வேறு கன்றைக் கேளுங்கள். நடுக்கொழுந்து முறியாமல் ஒற்றையாக இருக்கட்டும்.

தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் பையைப் பிடியுங்கள். தண்டைப் பிடித்தால் தாய்மண் உடைந்து சல்லிவேர்கள் அறும். திறந்த வண்டியில் கொண்டுபோனால் இலைகளைத் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் காற்றே உலர்த்திவிடும். வீட்டில் நிழலில் வைத்து, நடும்வரை தினமும் பையை நனைத்து வாருங்கள்.

நடுவது

மழைக்காலத் தொடக்கத்தில், வெயில் தணிந்த நேரத்தில் நடுங்கள்.

முதலில் தூரைத் தேடுங்கள். தண்டு அகன்று முதல் பக்கவேர்கள் கிளம்பும் இடம் அது. நாற்றுப்பண்ணையில் பை மாற்றும்போது மண்ணைக் கூடுதலாகப் போட்டுவிடுவதால், தூர் பல நேரம் மேல்மண்ணுக்குக் கீழே 5 செ.மீ. வரை புதைந்திருக்கும். விரலால் மண்ணை விலக்கி அதை வெளியே கொண்டுவாருங்கள். இனி எல்லா அளவும் இங்கிருந்துதான்.

குழியின் ஆழம்: தூரிலிருந்து தாய்மண்ணின் அடிவரை எவ்வளவோ அதைவிட இரண்டு விரற்கடை குறைவு, அதற்கு மேல் வேண்டாம். அகலம்: தாய்மண்ணைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அகலத்தில் தாராளம் காட்டலாம், ஆழத்தில் கூடாது. ஏனென்றால் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்தான் பரவும். ஆழமாகத் தோண்டித் தளர்மண்ணின் மேல் கன்றை வைத்தால் மண் அமுங்க அமுங்க அதுவும் இறங்கும். புதைந்த தூரின் பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்று கிடைக்காது, புதுவேர்கள் தண்டையே சுற்றி இறுக்கும். இந்த மரம் உடனே சாகாது. ஐந்தாறு வருடம் வளர்ந்து, நாம் நிம்மதி அடைந்த பிறகு ஒரு காற்றில் சாயும்.

களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கங்கள் மெழுகியது போல் வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்காது. கடப்பாரையால் கீறிவிடுங்கள்.

பையை முழுக்கக் கிழித்து எடுங்கள். அடியை மட்டும் கீறிவிட்டு நடுவது போதாது. சுற்றியிருக்கும் வேர்களை வெளிப்பக்கமாகப் பிரியுங்கள். பிரியாதவற்றைக் கத்தரியால் வெட்டுங்கள். வேரை வெட்டத் தயங்குவது இயல்பு, ஆனால் சுற்றிய வேர் தானாக நேராகாது.

கன்றை வைத்து, தூர் தரைமட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறதா என்று குழியின் குறுக்கே ஒரு கம்பை வைத்துப் பாருங்கள். தோண்டிய அதே மண்ணால் மூடுங்கள். கல், சிமெண்ட் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். குழிக்குள் மட்டும் எருவும் செழிப்பான மண்ணும் நிரப்பினால் வேர் அதைவிட்டு வெளியே போகத் தயங்கும். களிமண் தரையில் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகவும் மாறும். உரம் வேண்டுமானால் அடுத்த வருடம் பார்க்கலாம். பாதி மூடியதும் ஒரு குடம் தண்ணீர் விட்டு மண்ணைப் படிய விடுங்கள், பிறகு மீதியை மூடுங்கள். காலால் மிதிக்க வேண்டாம்.

தண்ணீர்

பையில் இருந்த தாய்மண், சுற்றியுள்ள மண்ணைவிடச் சீக்கிரம் உலரும். அதனால் பாத்தி ஈரமாகத் தெரிந்தும் கன்று வாடும். முதல் மாதங்களில் தண்ணீர் தாய்மண்ணின் மேலேயே விழ வேண்டும். வட்டப்பாத்தியின் கரையைத் தாய்மண்ணின் விளிம்பில், நான்கு விரற்கடை உயரத்தில் கட்டுங்கள்.

நட்டவுடன் 20 லிட்டர். முதல் இரண்டு வாரம் மழையில்லாத நாட்களில் தினமும் 5 லிட்டர். அடுத்த மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 லிட்டர். அதன் பிறகு இரண்டாவது கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை 20, 25 லிட்டர். இது விரல் தடிமன் கன்றுக்கான கணக்கு. மணலில் கூட்டுங்கள், களியில் குறையுங்கள். பாத்தியைக் கரைக்கு வெளியே ஆண்டுதோறும் ஓர் அடி அகட்டுங்கள். வேர் அந்தப் பக்கம் போயிருக்கும்.

வேகமாக ஊற்றினால் தண்ணீர் ஓடிவிடும். 20 லிட்டர் கேனின் அடியில் ஆணியால் ஒரு சிறு துளை போட்டு, நிரப்பித் தூருக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும்.

சந்தேகம் வந்தால் விரலை 5 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். இலை நுனி காய்ந்து மொறுமொறுவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை. இலை மஞ்சளித்துத் தொங்கி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். இந்த இரண்டாவது வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றி அழித்த கன்றுகள் நிறைய.

மூடாக்கு, கம்பு, கூண்டு, கவாத்து

காய்ந்த இலை அல்லது மரச்சீவலை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும். தானாக நிற்கும் கன்றுக்குக் கம்பு வேண்டாம், காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். நிற்காவிட்டால் தாய்மண்ணுக்கு வெளியே இரண்டு கம்பு ஊன்றி, பழைய சைக்கிள் ட்யூபால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். கயிறும் கம்பியும் பட்டைக்குள் இறங்கித் தண்டை அறுக்கும். கால்நடை நடமாட்டம் இருந்தால் கூண்டு அவசியம். தண்டு அதில் உரசும் முன் எடுத்துவிடுங்கள்.

முதல் வருடம் முறிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் வெட்டுங்கள். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. நடைபாதைக்கு இடையூறான கீழ்க்கிளைகளை மூன்றாம் வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசத் தேவையில்லை.

இலை எல்லாம் உதிர்ந்துவிட்டால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலிருந்து தூர்வரை எங்கும் பழுப்பாக இருந்தால் மட்டும் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். பை வடிவிலேயே சுருண்டிருந்தால் வேரைப் பிரிக்காமல் நட்டிருக்கிறோம். கறுத்து நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. உலர்ந்து ஒடிந்தால் தண்ணீர் எட்டவே இல்லை. அதைச் சரிசெய்த பிறகு மாற்றுக் கன்றுக்கு எழுதிக்கொடுங்கள்.