வர்ட்டஸ் ஜிடிக்குப் புது டயர்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு ஒரு செய்முறை

2022-இல் ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ் ஜிடி கார் எடுத்த பலருக்கு இது டயர் மாற்றும் காலம். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இத்தனையும் முன் சக்கரங்கள் இரண்டின் வழியாகத்தான் ரோட்டுக்கு இறங்குகிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு டயர் தேடும்போது ஈர ரோட்டில் பிடிமானம் எப்படி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடும், விலை என்ன என்பதெல்லாம் அப்புறம். போலோ ஜிடி, ஸ்லாவியா, ஐ20 என் லைன் என்று எது வைத்திருந்தாலும் முறை இதேதான். அளவு மட்டும் மாறும்.

படி 1: மாற்ற வேண்டுமா என்று பாருங்கள்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வண்டியை நிறுத்துங்கள். செல்போன் டார்ச்சை அடித்து முன் டயரைப் பார்த்தால், பக்கவாட்டின் ஓரத்தில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ தெரியும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டால் குறுக்கே ஒரு ரப்பர் மேடு தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டன் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். பள்ளம் ஆழமில்லாத டயரால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. வேகமாகப் போகும்போது தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

பக்கவாட்டில் கொப்புளம் போல வீங்கியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை உடனே கழற்றுங்கள். உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

வர்ட்டஸ் ஜிடி டயரில் 205/55 ஆர்16 என்று இருக்கும். 205 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதற்குப் பிறகு 91வி என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் வரும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எழுத்து வேகத்துக்கானது: டி மணிக்கு 190 கி.மீ., எச் 210, வி 240, டபிள்யூ 270. கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் போகலாம், குறையக் கூடாது. நான் 120-க்கு மேல் போகவே மாட்டேனே என்று சிலர் கேட்பார்கள். வெயிலில் கொதிக்கும் நான்குவழிச் சாலையில், நாலு பேரும் சாமானும் ஏறிய வண்டியில், மணிக்கணக்கில் ஓடும் டயருக்கு அந்தத் தாங்குதிறன் தேவைப்படுகிறது.

படி 3: அளவை மாற்றலாமா?

முதல்முறை மாற்றுபவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அதே 205/55 ஆர்16-இலேயே நல்ல டயராக வாங்குங்கள்.

அப்படியும் 17 அங்குல அலாய் ரிம்முக்கு ஆசை இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய டயரின் மொத்த விட்டம் 632 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634; கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஆனால் அந்த டயருக்கு ரிம் குறைந்தது 7 அங்குல அகலம் வேண்டும். பக்கவாட்டும் 113-இலிருந்து 101 மி.மீ.க்கு இறங்கிவிடும். நம்மூர்ப் பள்ளங்களில் அந்த 12 மி.மீ. குறைந்ததாலேயே ரிம் வளைந்துபோகலாம்.

படி 4: எந்த ரகம்?

ஒரே கம்பெனி சொகுசுக்கு ஒரு வரிசை, ஓட்டத்துக்கு (வளைவுகளில் விரட்டி ஓட்டுவதற்கு) ஒரு வரிசை என்று தனித்தனியாகச் செய்கிறது. மிஷலினில் பிரைமசி சொகுசு, பைலட் ஸ்போர்ட் ஓட்டம். பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பொட்டென்சா. கான்டினென்டலில் கம்ஃபர்ட்கான்டாக்ட், மேக்ஸ்கான்டாக்ட். எனவே "மிஷலின் போடுங்க" என்று யாராவது சொன்னால் எந்த மிஷலின் என்று கேளுங்கள்.

ஓட்ட ரகத்தின் ரப்பர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டும் விறைப்பாக இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதுமே மூக்கு உள்ளே திரும்புவதில் வித்தியாசம் தெரியும். பதிலுக்குச் சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் கூடும். வாரநாளெல்லாம் ஆபீஸ் போய்வந்து, எப்போதாவது மலை ஏறுபவருக்கு நல்ல சொகுசு ரகமே போதும். மலைப்பாதைக்காகவே ஜிடி வாங்கியவர் ஓட்ட ரகத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் ட்ரெட்வேர் என்ற எண்ணும் டயரில் இருக்கும். 300 என்றால் பிடிமானம் பக்கம், 400-500 என்றால் ஆயுள் பக்கம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை அவரவர் கம்பெனியே போட்டுக்கொள்வதால், இரண்டு கம்பெனிகளை அதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இணையத்தில் புகழப்படும் டயர் இங்கே நம் அளவில் கிடைக்காமல் போகலாம் என்பதால், இரண்டு மூன்று பெயர்களை மனதில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

படி 5: கடையில்

பணம் கொடுப்பதற்கு முன் டயரை வெளிச்சத்துக்கு உருட்டச் சொல்லி, டி.ஓ.டி. என்ற எழுத்தைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கவாட்டில் முழு வரிசை இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். நாலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது.

நாலும் ஒரே மாடலாக மாற்றுவதே சிறந்தது. முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்னிரண்டும் முதலில் தேயும். இரண்டை மட்டும் மாற்றவேண்டிய நிலை வரலாம். அப்போது புதுசை முன்னால் போடத்தான் கடைக்காரர் கை போகும். பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், பழக்கமில்லாதவரால் அதைப் பிடிக்க முடியாது.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். பக்கவாட்டில் அவுட்சைட் என்று இருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் சக்கரம் அந்தத் திசையில் சுழல வேண்டும். வால்வும் புதுசாகப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டும் கட்டாயம்.

படி 6: மாற்றிய பிறகு

டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்குக் காற்று வையுங்கள். பிறகு வண்டியின் செட்டிங்கில் டயர் பிரஷர் எச்சரிக்கையை ரீசெட் செய்யுங்கள். புது ரப்பரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும்; முதல் சில நூறு கிலோமீட்டர் வளைவுகளில் விரட்டாமல் ஓட்டுங்கள். அதற்குள் ஒருமுறை வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.