முழு வெற்றியா, முழுத் தோல்வியா: என்எஃப்எல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்எஃப்எல்-இல் ஒரு அணி சீசன் முழுக்க ஜெயிப்பதற்கு வாய்ப்பு அதிகமா, முழுக்கத் தோற்பதற்கா? தோற்பதற்குத்தான். ஆனால் பலரும் இந்த விடைக்குத் தப்பான வழியில் வந்து சேர்கிறார்கள்.

பெரிய தவறு, நாணயம் சுண்டும் கணக்கு. இன்றைய சீசனின் 17 லீக் ஆட்டத்துக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால் 17-0 (17 வெற்றி, தோல்வியே இல்லை) என்பது 1,31,072-இல் ஒன்று. 32 அணிகள் ஆடினாலும் 4,096 சீசனுக்கு ஒருமுறைதான் வரும். நடந்ததோ வேறு. 1970-க்குப் பிறகு லீக் ஆட்டங்கள் எல்லாவற்றையும் வென்றவை இரண்டு: 1972 மயாமி, 14-0, 2007 நியூ இங்கிலாந்து, 16-0. எல்லாவற்றிலும் தோற்றவை மூன்று: 1976 டாம்பா பே (அதுதான் அந்த அணிக்கு முதல் சீசன், பாவம்), 2008 டெட்ராய்ட், 2017 கிளீவ்லேண்ட். அணிகள் சமபலத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

லீக் ஆட்டங்களோடு கணக்கை மூடுவதும் தவறு; அதற்குப் பிறகு நாக்அவுட் சுற்றுகள் உண்டு. நியூ இங்கிலாந்து 18 ஆட்டம் வரிசையாக வென்று, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. இன்றைய முறைப்படி, முதலிடம் பிடித்து ஒரு சுற்று ஓய்வு கிடைத்தாலும் கோப்பைக்கு 20 வெற்றி வேண்டும். ஆட்டத்துக்கு 85% வாய்ப்புள்ள அபார அணிக்கே 17-0 என்பது 6.3%, 20-0 என்றால் 3.9%. தோற்பவருக்கு 17-லேயே வேலை முடிந்துவிடும்.

அதற்காக 3-க்கு 2 என்பதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். எண்ணிக்கை மிகச் சிறியது. பக்கத்துப் படியைப் பாருங்கள். 1978-2020 காலத்தின் 16 ஆட்ட சீசன்களில் 15-1 எடுத்தவை 6 அணிகள், 1-15 எடுத்தவை 11.

மேலே இருப்பவருக்கு இன்னொரு தடை உண்டு: நாக்அவுட்டில் இடம் உறுதியானதும் முக்கிய வீரர்களை உட்கார வைப்பார்கள். 2009-இல் 14-0 என்றிருந்த இண்டியானாபொலிஸ், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக 15-10 என்று முன்னிலையில் இருந்தபோதே தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கை வெளியே எடுத்தது. ஆட்டம் 29-15 என்று கைவிட்டுப் போனது. அடிமட்ட அணிக்கு அப்படி யாரையும் காப்பாற்றி வைக்கத் தேவையில்லை. புது வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டில் (கடைசி இடத்து அணிக்குத்தான் முதல் உரிமை) முதல் தேர்வு கிடைக்குமென்று வீரர்களே வேண்டுமென்று தோற்பார்கள் என்பதும் நம்பும்படி இல்லை: மோசமாக ஆடினால் அடுத்த வருட ஒப்பந்தமே போய்விடும்.

கடைசியாக, வெற்றியில்லாத சீசன் எல்லாம் ஒன்றல்ல. 1960 டல்லாஸ் 0-11-1, ஒரு டை உண்டு. 1982 பால்டிமோர் 0-8-1, அதிலும் ஒரு டை. வீரர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசனே 9 ஆட்டம்தான். தோற்க 85% வாய்ப்புள்ள அணி 9 ஆட்டத்தையும் தோற்பது 23%. 17 என்றால் அதே 6.3%.